பேரேடு யார் கையில்? யுபிஐ, இ-ரூபாய், யுஎஸ்டிடி, பிட்காயின்: நான்கையும் பிரித்துப் பார்க்க ஒரு விளக்கம்

கீழக்கரையில் ஒரு வீட்டுக்குத் துபாயிலிருந்து மகன் பேசுகிறான்: “வாப்பா, இந்த மாசம் யுஎஸ்டிடியா அனுப்பவா? ரேட்டு கூடக் கிடைக்கும்.” மண்டபத்தில் ஒருவருக்கு வங்கியிலிருந்து இ-ரூபாய் ஆப் பற்றிக் குறுஞ்செய்தி வருகிறது. தங்கச்சிமடத்தில் கல்யாண வீட்டில் ஒருவர், மாதம் பத்து சதவீதம் தரும் ‘காயின்’ திட்டத்துக்கு ஆள் சேர்க்கிறார். மூன்றையும் ஊரில் ‘டிஜிட்டல் பணம்’ என்றே சொல்கிறார்கள். உண்மையில் இவை மூன்றும் மூன்று வேறு பொருள்கள். மூன்றாவதில் பெரும்பாலும் பொருளே கிடையாது, ஆள் சேர்ப்பு மட்டும்தான். பெயர் ஒன்றாக இருப்பதால் ஒன்றின் மேல் உள்ள நம்பிக்கை மற்றொன்றுக்குப் போய்விடுகிறது, சேமிப்பும் அதோடு போகிறது. ஆகவே அடிப்படையிலிருந்து தொடங்குவோம்.

## பணம் என்பது எழுதி வைத்த கணக்கு

மீன் இறங்குதளத்தில் ஒரு கூடை நண்டு ஏலம் போனதும் காசு உடனே கைமாறுவதில்லை. கமிஷன்காரரின் ஆள் நோட்டில் எழுதுகிறார்: இன்ன படகு, இத்தனை கிலோ, கிலோ இவ்வளவு. கமிஷன் கழிகிறது, ஐஸ் கழிகிறது, வலைக்கும் இன்ஜினுக்கும் வாங்கிய முன்பணத்தில் ஒரு பகுதி கழிகிறது. மீதி கைக்கு வரும்வரை படகுக்காரரின் பணம் அந்த நோட்டில் இருக்கும் ஒரு வரிதான்.

வங்கிக் கணக்கும் இதே போன்ற ஒரு வரிதான், நோட்டு மட்டும் பெரியது. எந்தப் பணத்தைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் அதன் நோட்டை, அதாவது பேரேட்டைப் பற்றி மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்:

1. அதில் எழுதவும் அடிக்கவும் யாருக்கு உரிமை?
2. அதை யாரெல்லாம் படிக்க முடியும்?
3. முன்பு இல்லாத பணத்தைப் புதிதாகச் சேர்க்க யாரால் முடியும்?

இரண்டாவது கேள்வியைப் பலர் பொருட்படுத்துவதில்லை. கரையில் இருப்பவர்களுக்கு அதன் கனம் தெரியும். முன்பணம் கொடுத்தவரே நோட்டையும் எழுதும்போது, போன வாரம் எத்தனை கிலோ பட்டது, வீட்டில் எவ்வளவு முடை, பள்ளிக்கூடக் கட்டணம் எப்போது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்துவிடுகிறது. இன்றைக்கே விற்றாக வேண்டிய நிலையில் இருப்பவருக்கு என்ன விலை சொல்லலாம் என்பதும் தெரிந்துவிடுகிறது. பேரம் பேசும் இருவரில் ஒருவர் மற்றவரின் கணக்கைப் படிக்க முடியுமானால் அது சமமான பேரம் ஆகாது. பணத்தில் தனியுரிமை என்பதைக் கள்ளக்கணக்கு என்று மட்டும் பார்ப்பவர்கள் இந்த இடத்தைத் தவறவிடுகிறார்கள்.

## நான்கு பணம், மூன்று கேள்விகள்

1. யுபிஐ. இது தனிப் பணம் கிடையாது. வங்கியில் இருக்கும் ரூபாயை நகர்த்தும் வழி, அவ்வளவே. 2016-இல் தேசிய கொடுப்பனவுக் கழகம் தொடங்கியது. பேரேட்டை எழுதுவது உங்கள் வங்கி. படிப்பது வங்கியும், நடுவில் உள்ள ஆப் நிறுவனமும், சட்டப்படி கேட்கும் அரசுத் துறைகளும். வங்கி மூழ்கினால் ஒரு வைப்பாளருக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. வாசகர்கள் இந்தக் காப்பீட்டை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் கீழே வரும் எந்தக் காயினுக்கும் அது கிடையாது.

2. இ-ரூபாய். ரிசர்வ் வங்கியே வெளியிடும் டிஜிட்டல் நோட்டு. வங்கிகளுக்கு இடையிலான பெருந்தொகைப் பரிவர்த்தனைக்கு 2022 நவம்பர் 1-லும், பொதுமக்களுக்கு 2022 டிசம்பர் 1-லும் சோதனையாகத் தொடங்கியது. கையில் உள்ள நோட்டு போலவே சட்டப்படி செல்லும், வட்டி கிடையாது. சிறு தொகைகளுக்கு ரொக்கம் போன்ற மறைவு இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் கருத்துரு சொல்கிறது. எவ்வளவு மறைவு என்பதை முடிவு செய்வதும் அந்த வங்கிதான்.

3. யுஎஸ்டிடி. ஒரு தனியார் நிறுவனம், டெதர், வெளியிடும் டாலர் டோக்கன். ஒரு டோக்கனுக்கு ஒரு டாலர் மதிப்புள்ள இருப்பு தன்னிடம் உள்ளது என்பது அந்த நிறுவனத்தின் வாக்குறுதி. பிளாக்செயினில், அதாவது பல கணினிகளில் பிரதி இருக்கும் பொதுப் பேரேட்டில், ஓடுவதால் இதை ‘யாருடைய கையிலும் இல்லாத பணம்’ என்று சொல்லி விற்கிறார்கள். அது தவறு. எந்த முகவரியில் (வங்கிக் கணக்கு எண் போன்றது) உள்ள யுஎஸ்டிடியையும் முடக்கும் வசதி டெதரிடம் இருக்கிறது, பலமுறை முடக்கியும் இருக்கிறது.

4. பிட்காயின். 2008 அக்டோபர் 31 அன்று சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் வெளியான ஒன்பது பக்க அறிக்கையிலிருந்து பிறந்தது. 2009 ஜனவரி 3 அன்று முதல் பிளாக், அதாவது பேரேட்டின் முதல் பக்கம், எழுதப்பட்டது. எழுதும் உரிமை தனி ஒருவரிடம் இல்லை. படிக்கும் உரிமை உலகில் எல்லோருக்கும் உண்டு. புதிய காயின் சேரும் வேகம் நிரலிலேயே பூட்டப்பட்டிருக்கிறது.

நான்கில் பரவலாக்கப்பட்ட பணம் என்று சொல்லத் தகுந்தது கடைசி ஒன்றுதான்.

## உண்டியலிலிருந்து பிட்காயினுக்கு

நடுவில் வங்கி இல்லாமல் பணம் அனுப்புவது இந்தக் கரைக்குப் புதிதில்லை. உண்டியல் முறையில் துபாயில் ஒருவரிடம் திர்ஹம் கொடுத்தால் இங்கே இன்னொருவர் வீட்டுக்கு வந்து ரூபாய் கொடுப்பார். அடையாளமாகப் பத்து ரூபாய் நோட்டு ஒன்றின் வரிசை எண்ணைச் சொல்லி அனுப்புவார்கள். அந்த நோட்டைக் காட்டுகிறவருக்கே தொகை. அந்நியச் செலாவணிச் சட்டப்படி இது கூடாது. அதன் உள்ளமைப்பை மட்டும் கவனியுங்கள்: பணம் எல்லையைத் தாண்டுவதே இல்லை, இரண்டு பேரின் நோட்டில் வரவும் பற்றும் மாறுகின்றன. அந்த இருவரில் ஒருவர் ஓடிவிட்டால் கதை முடிந்தது.

அந்த இரண்டு பேரை எடுத்துவிட்டு, கணக்கு மட்டும் நிற்குமாறு செய்ய முடியுமா என்பதுதான் கணினியாளர்கள் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக மோதிய சிக்கல். டேவிட் சாம் 1982-இல் ஒரு வழி சொன்னார். கார்பன் தாள் வைத்த உறைக்குள் சீட்டைப் போட்டு, வெளியிலிருந்து வங்கி கையெழுத்துப் போடுவது போன்ற கணித உத்தி அது. சீட்டு செல்லுபடியாகும், ஆனால் எந்தச் சீட்டு யாருடையது என்று வங்கிக்கே தெரியாது. மறைவு முழுமையாக இருந்தது. ஆனால் நடுவில் ஒரு நிறுவனம் தேவைப்பட்டது. அவருடைய டிஜிகேஷ் நிறுவனம் 1998-இல் திவாலானதும் பணமும் நின்றுபோனது. ஆடம் பேக்கின் ஹேஷ்கேஷ் 1997-இலும், வே டாயின் பி-மணி 1998-இலும் மீதித் துண்டுகளைக் கொடுத்தன. நகமோட்டோ அவற்றைச் சேர்த்து ஓட வைத்தார்.

ஒரு பிட்காயின் பரிவர்த்தனை நடக்கும் வரிசை இது:

1. உங்கள் வாலட்டில் (சாவியைக் காக்கும் ஆப் அல்லது கருவி) ஒரு தனிச்சாவி இருக்கிறது, அது ஒரு மிகப் பெரிய எண். அதிலிருந்து முகவரி பிறக்கிறது. முகவரியிலிருந்து சாவியைக் கண்டுபிடிக்க வழியில்லை.
2. “இந்தக் காயினை அந்த முகவரிக்குக் கொடு” என்ற வரியைச் சாவியால் கையொப்பமிட்டு வலையமைப்பில் விடுகிறீர்கள். நோட்டு எண்ணைச் சொல்லும் வேலையை இங்கே கையொப்பம் செய்கிறது. ஒரே வேறுபாடு, நோட்டு எண்ணைக் கேட்டவர் அதைத் திருடலாம். கையொப்பத்தைப் பார்த்தவரால் அதை வேறு வரிக்குப் பயன்படுத்த முடியாது.
3. ஆயிரக்கணக்கான கணினிகள் வரியைச் சரிபார்க்கின்றன: காயின் இருக்கிறதா, ஏற்கெனவே செலவானதா, கையொப்பம் பொருந்துகிறதா.
4. மைனர்கள், அதாவது அடுத்த பிளாக்கை எழுதப் போட்டியிடுபவர்கள், காத்திருக்கும் வரிகளைத் திரட்டி, ஒரு கணக்குப் புதிரின் விடையைக் கோடிக்கணக்கான முறை முயன்று தேடுகிறார்கள். விடை கண்டவர் அடுத்த பிளாக்கை எழுதுகிறார். சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒன்று.
5. உங்கள் வரியின் மேல் அடுத்தடுத்த பிளாக்குகள் ஏற ஏற அதை அழிப்பது கடினமாகிறது. பெரிய தொகைக்கு ஆறு பிளாக், சுமார் ஒரு மணி நேரம், காத்திருப்பது வழக்கம்.

மைனருக்குக் கிடைக்கும் புதிய காயின்தான் புதுப் பணத்தின் ஒரே ஊற்று. தொடக்கத்தில் பிளாக்குக்கு 50. ஒவ்வொரு 2,10,000 பிளாக்குக்கும் ஒருமுறை பாதியாகும். 2024 ஏப்ரலிலிருந்து 3.125, அதாவது நாளொன்றுக்குச் சுமார் 450 காயின். மொத்த எல்லை 2 கோடியே 10 லட்சம்.

மைனிங் இயந்திரங்கள் கூடினால் காயின் வேகமாக வந்துவிடாதா? வராது. 2,016 பிளாக்குக்கு ஒருமுறை, ஏறத்தாழ இரண்டு வாரத்தில், புதிரின் கடினம் தானாகத் திருத்தப்படுகிறது. 2021-இல் சீனா மைனிங்கைத் தடை செய்தபோது உலகின் பாதி இயந்திரங்கள் சில வாரங்களில் அணைந்தன. பிளாக் எழுதும் வேகம் தளர்ந்தது. ஜூலை 3 அன்று கடினம் சுமார் 28 சதவீதம் இறங்கி, வேகம் மீண்டும் பத்து நிமிடத்துக்கு வந்தது. யாரும் கூட்டம் போட்டு முடிவெடுக்கவில்லை. இந்த அமைப்பின் உண்மையான பலம் விலையில் இல்லை, இப்படித் தன்னைத் தானே சரிசெய்துகொண்டதில் இருக்கிறது.

## சில்லறை காட்டிக்கொடுக்கும் கணக்கு

“பிட்காயினை யாரும் கண்டுபிடிக்க முடியாது” என்பது செய்திகளில் அடிக்கடி வரும் தவறு. பேரேடு முழுவதும் திறந்து கிடக்கிறது. அதில் பெயர்கள் இல்லை, முகவரிகள் உண்டு. ஒரு முகவரிக்குப் பெயர் ஒட்டிவிட்டால் அதோடு தொடர்புள்ளவை எல்லாம் ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு வரும்.

எப்படி என்று ஒரே ஒரு பரிவர்த்தனையை வைத்துப் பார்ப்போம். பிட்காயின் வாலட்டில் வங்கிக் கணக்கு போல ஒரே மீதித் தொகை இருப்பதில்லை, தனித்தனி நோட்டுகள் போல இருக்கும். உங்களிடம் 0.05 காயின் மதிப்புள்ள ஒரே ‘நோட்டு’ இருக்கிறது. ஐஸ் பிளான்ட்டுக்கு 0.002 கொடுக்க வேண்டும். 500 ரூபாய்த் தாளைக் கிழித்து 20 ரூபாய் கொடுக்க முடியாதல்லவா? முழு 0.05-ஐயும் உள்ளே போட வேண்டும். 0.002 ஐஸ்காரருக்குப் போகும், கட்டணம் கழிந்து 0.0479 சொச்சம் சில்லறையாக உங்கள் வேறொரு முகவரிக்குத் திரும்பும்.

இப்போது ஐஸ்காரருக்கு என்னென்ன தெரியும்?

1. உங்களிடம் குறைந்தது 0.05 காயின் இருந்தது.
2. அதில் பெரும்பகுதி எந்த முகவரிக்குத் திரும்பியது.
3. அந்த 0.05 எந்த முகவரியிலிருந்து, எந்தத் தேதியில் உங்களிடம் வந்தது. அது இறால் ஏற்றுமதியாளரின் முகவரி என்று அவருக்குத் தெரிந்திருந்தால், உங்கள் சரக்குக்கு என்ன விலை கிடைத்தது என்பதும்.
4. நாளைக்கு அந்தச் சில்லறையோடு வேறொரு சிறு நோட்டையும் சேர்த்துச் செலவழித்தால், அந்த இரண்டாவது நோட்டும் உங்களுடையதே என்பது. ஒரே பரிவர்த்தனையில் சேர்ந்து உள்ளே போகும் நோட்டுகள் ஒரே ஆளுடையவை என்ற ஊகம்தான் பகுப்பாய்வு நிறுவனங்களின் முதல் ஆயுதம்.

கமிஷன்காரர் நோட்டை ஒருவர் படித்தார். இதை ஊரே படிக்கலாம். எழுதும் அதிகாரத்தை ஒரு கையிலிருந்து விடுவித்த பிட்காயின், படிக்கும் உரிமையை எல்லோருக்கும் திறந்துவிட்டது. மேலே சொன்ன பேரச் சிக்கலுக்கு இது தீர்வாகவில்லை, சில இடங்களில் அதைக் கூட்டியே விடுகிறது.

அடிப்படைத் தற்காப்பு எளியது: பணம் பெறும் ஒவ்வொரு முறையும் புதிய முகவரி கொடுங்கள் (நல்ல வாலட் தானாகவே செய்யும்), ஏற்றுமதியாளரிடமிருந்து வந்ததையும் உறவினரிடமிருந்து வந்ததையும் ஒரே பரிவர்த்தனையில் கலக்காதீர்கள், முகவரியை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள்.

இதற்கு மேல் மறைவு தரவே கட்டப்பட்டது மோனெரோ. 2014 ஏப்ரலில் தொடங்கியது. அனுப்புபவரின் உண்மையான நோட்டு மற்றவர்களின் 15 நோட்டுகளோடு கலந்து காட்டப்படும். பெறுபவருக்கு ஒவ்வொரு முறையும் ஒருமுறை முகவரி உண்டாகும். 2017-இலிருந்து தொகையும் மறைக்கப்படுகிறது. 2016 அக்டோபரில் வந்த இசட்கேஷ் வேறொரு கணிதத்தைப் பயன்படுத்துகிறது: விவரம் எதையும் காட்டாமலே “கணக்கு சரி” என்று நிரூபிப்பது. இவற்றைப் பல பெரிய எக்ஸ்சேஞ்சுகள் (காயின் வாங்கி விற்கும் தளங்கள்) விற்பதில்லை. அப்படி ஒரு தளமான பினான்ஸ் 2024 பிப்ரவரியில் மோனெரோவை நீக்கியது.

தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. அந்த உரிமை வரம்பற்றது என்று அது சொல்லவில்லை. வரித்துறையிடம் கணக்குக் காட்டுவதும், பக்கத்துக் கடைக்காரர் நம் கணக்கைப் படிக்க முடியாதிருப்பதும் ஒன்றோடொன்று மோத வேண்டிய விஷயங்கள் இல்லை. நேர்மையான குடும்பத்துக்கு இரண்டும் வேண்டும்.

## அழகன்குளத்து நாணயமும் ஹயெக்கும்

வைகை கடலில் சேரும் இடத்துக்கு அருகே அழகன்குளத்தில் நடந்த அகழாய்வில் ரோமானிய நாணயங்கள் கிடைத்திருக்கின்றன. ரோமாபுரிச் சக்கரவர்த்தியின் ஆணை இந்தக் கரையில் செல்லாது. ஆனாலும் அவருடைய காசு கடல் கடந்து இங்கே வந்து சேர்ந்தது, கப்பலில் வந்த வணிகர் கையில்.

பணம் அரசாணையால் பிறந்ததா, சந்தைப் புழக்கத்தால் பிறந்ததா? ஆஸ்திரியப் பொருளியல் மரபின் முதல்வரான கார்ல் மெங்கர் 1892-இல் தந்த விடை: பண்டமாற்றில் எது எளிதாக விலைபோகுமோ அதை எல்லோரும் கையில் வைத்துக்கொள்ளத் தொடங்குகிறார்கள், அதுவே பணமாகிறது, அரசு முத்திரை பின்னால் வருகிறது. அதே மரபில் வந்த ஹயெக், 1974-இல் நோபல் பெற்றவர், 1976-இல் இன்னும் துணிவாக ஒன்றை முன்வைத்தார். பணம் வெளியிடுவதில் அரசின் ஏகபோகத்தை எடுத்துவிடுங்கள். தனியார் வங்கிகள் தத்தம் பணத்தை வெளியிட்டுப் போட்டியிடட்டும். மதிப்பைக் காப்பாற்றாத பணத்தை மக்கள் கைவிடுவார்கள்.

இந்த வாதத்தின் வேர் அவர் 1945-இல் எழுதிய கருத்தில் இருக்கிறது: சந்தை விலை என்பது சிதறிக் கிடக்கும் செய்திகளைச் சேர்த்துச் சொல்லும் கருவி. பாம்பனில் இன்று கணவாய் விலை ஏன் ஏறியது என்று ஏலத்தில் நிற்பவருக்குத் தெரிய வேண்டியதில்லை. தூரத்துத் துறைமுகத்தில் வரத்துக் குறைந்திருக்கலாம், வெளிநாட்டில் ஆர்டர் கூடியிருக்கலாம். விலை அதைச் சொல்லிவிடும். பணத்தின் அளவையே ஒருவர் மாற்றிக்கொண்டிருந்தால் எல்லா விலைகளும் சேர்ந்து குழம்பும் என்பது இந்த மரபினரின் கவலை.

பிட்காயினை ஹயெக்கின் கனவு நனவானதாகச் சொல்வோர் உண்டு. பாதி சரி. அரசின்றிப் பணம் இயங்கும் என்பதை அது காட்டிவிட்டது. ஆனால் ஹயெக் எதிர்பார்த்தது, வாங்கும் சக்தி நிலையாக இருக்குமாறு அளவைக் கூட்டியும் குறைத்தும் பராமரிக்கும் பணம். பிட்காயினில் அளவு பூட்டப்பட்டிருக்கிறது. ஆகவே தேவையின் ஏற்ற இறக்கம் முழுவதும் விலையில் விழுகிறது. 2022-இன் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிய ஏப்ரல் 15 அன்று ஒரு பிட்காயின் சுமார் 40,000 டாலர். 61 நாள் கழித்துத் தடை முடிந்த ஜூன் 14 அன்று சுமார் 22,000 டாலர். தடைக்காலத்தில் அடுப்பெரியச் சேர்த்து வைத்த தொகையை அதில் போட்டிருந்தால், படகு மறுபடி கடலுக்குப் போகும் நாளில் பாதியளவுதான் மிஞ்சியிருக்கும். அதே தடைக்காலத்துக்குள், மே மாதத்தில், டெரா யுஎஸ்டி என்ற ‘நிலைக்காயின்’ ஒரு டாலரிலிருந்து சில சென்ட்டுக்கு விழுந்தது. அதன் பின்னால் டாலர் இருப்பு இல்லை. இன்னொரு காயினை அச்சிட்டுத் தாங்கும் சூத்திரத்தையே அது பெரிதும் நம்பியிருந்தது.

எல் சால்வடார் 2021 செப்டம்பரில் பிட்காயினைச் சட்டப்படி செல்லும் பணமாக்கியது. கடைக்காரர் அதை வாங்கியே தீர வேண்டும் என்றது சட்டம். மக்கள் அன்றாடச் செலவுக்கு அதைப் பெரிதாகப் பயன்படுத்தவில்லை. சர்வதேச நிதியத்தின் கடன் ஒப்பந்தத்தை ஒட்டி 2025 ஜனவரியில் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டது. கட்டாயப்படுத்திப் புழங்க வைத்தது மெங்கர் சொன்ன வழிக்கு நேர் எதிரானது என்பதைச் சந்தைவாதிகளே கவனிக்க வேண்டும்.

மறுபக்கமும் உண்மை. 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது, புழக்கத்தில் இருந்த ரூபாயின் மதிப்பில் 86 சதவீதம் ஒரே அறிவிப்பில் நின்றது. பேரேட்டில் அடிக்கும் உரிமை ஓரிடத்தில் குவிந்திருந்தால் என்ன நடக்கலாம் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

## இந்தியச் சட்டம்: பணமாக இல்லை, சொத்தாக

கிரிப்டோ நிறுவனங்களுக்கு வங்கிச் சேவை கூடாது என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் இட்ட ஆணையை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 4 அன்று நீக்கியது. வாங்குவதோ வைத்திருப்பதோ குற்றமில்லை. சட்டப்படி செல்லும் பணமும் இல்லை. 2023 மார்ச் முதல் எக்ஸ்சேஞ்சுகள் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. நிதி உளவுப் பிரிவில் பதிவு செய்ய வேண்டும். கிரிப்டோ ஒரு சொத்து என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் ஒரு வழக்கில் கூறியது. 2024 ஜூலையில் சுமார் 23 கோடி டாலர் திருடுபோன வாசிர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சில் காயின் முடங்கிய ஒருவர் தொடுத்த வழக்கு அது.

வரிதான் நடைமுறையில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 2022 ஏப்ரல் 1 முதல் லாபத்துக்கு 30 சதவீதம், அதன் மேல் 4 சதவீத செஸ். 2022 ஜூலை 1 முதல் விற்பனைத் தொகையில் 1 சதவீதம் டி.டி.எஸ். ஒரு கணக்கு:

1. ஒரு காயினை 1,00,000 ரூபாய்க்கு வாங்கி 1,50,000-க்கு விற்றீர்கள். லாபம் 50,000. வரி 15,000, செஸ் 600, ஆக 15,600.
2. இன்னொரு காயினில் அதே ஆண்டு 50,000 நட்டம். அதை இந்த லாபத்தில் கழிக்க முடியாது, அடுத்த ஆண்டுக்கும் எடுத்துப்போக முடியாது.
3. மொத்தத்தில் கையில் ஒரு ரூபாய்கூட மிச்சமில்லை. ஆனாலும் 15,600 கட்ட வேண்டும்.
4. முதல் விற்பனையில் பிடித்த 1,500 டி.டி.எஸ். இந்த வரியில் கழிந்துகொள்ளும்.

காயினைக் கொடுத்துப் பொருள் வாங்கினாலும் சட்டத்தின் பார்வையில் அது விற்பனைதான். ஐஸுக்கு பிட்காயின் கொடுத்தால், அந்தச் சிறு தொகைக்கும் வாங்கிய விலை, விற்ற விலை, லாபம் என்று கணக்கு வைக்க வேண்டும். வலையமைப்புக் கட்டணமும் உண்டு. ஒரு சாதாரணப் பரிவர்த்தனை சுமார் 141 அலகு இடம் பிடிக்கும். அலகுக்கு 10 சதோஷி (ஒரு சதோஷி என்பது ஒரு பிட்காயினின் பத்து கோடியில் ஒரு பங்கு) என்றால் 1,410 சதோஷி. ஒரு காயின் 80 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 113 ரூபாய். எந்தத் தடையும் போடாமலே, அன்றாடப் பணமாக அது இங்கே புழங்காததற்கு இந்தக் கணக்குகளே போதும்.

## துபாயிலிருந்து யுஎஸ்டிடி: எங்கே இடிக்கிறது

முதலில் கேட்ட மகனின் கேள்விக்கு வருவோம். யுஎஸ்டிடி வந்து சேர்வது எளிது. அதை ரூபாயாக்கும் இடத்தில்தான் ஆபத்து. பெரும்பாலும் பி2பி, அதாவது ஆளுக்கு ஆள் நேரடியாக விற்கும் முறையில் முன்பின் தெரியாத ஒருவருக்கு விற்று, அவர் உங்கள் வங்கிக் கணக்கில் ரூபாய் போடுவார். அந்த ரூபாய் எங்கிருந்து வந்தது?

வேறு மாநிலத்தில் ஒரு முதியவரை மிரட்டிப் பறித்த பணமாக இருக்கலாம். அவர் 1930 என்ற எண்ணில் புகார் செய்கிறார். காவல்துறை பணம் போன தடத்தைக் கணக்கு கணக்காகப் பிடித்துக்கொண்டு வருகிறது. மூன்றாவது கையோ நான்காவது கையோ உங்களுடையது. ஒரு காலையில் உங்கள் கணக்கு முடங்கியிருக்கும். மோசடிக்காரர் யுஎஸ்டிடியோடு எப்போதோ போயிருப்பார். மகனின் உழைப்புப் பணத்தில் கொஞ்சம் கூடுதல் ரேட்டுக்காக எடுக்கும் ஆபத்து இது, நூறு ரூபாய்க்கு ஒன்றிரண்டு ரூபாய்க்காக. வங்கி வழியாகவோ அங்கீகரிக்கப்பட்ட பணமாற்று நிறுவனம் வழியாகவோ பெற்றோருக்கு வரும் தொகைக்கு இங்கே வருமான வரி இல்லை, தடமும் சுத்தம். அதையே செய்யுங்கள் என்பதுதான் எங்கள் அழுத்தமான பரிந்துரை.

ஏற்கெனவே முடங்கியிருந்தால்:

1. வங்கிக் கிளையில் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள்: புகார் எண், எந்தக் காவல் நிலையம், எவ்வளவு தொகை சர்ச்சையில் உள்ளது.
2. எக்ஸ்சேஞ்சின் ஆர்டர் எண், உரையாடல், வாங்கியவரின் பெயர், வங்கி அறிக்கை ஆகியவற்றைச் சேர்த்து விசாரணை அதிகாரிக்கு மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள்.
3. முழுக் கணக்கையும் விடுவித்து, சர்ச்சைத் தொகையை மட்டும் நிறுத்தி வைக்கக் கேளுங்கள்.
4. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவின்படி, கைப்பற்றியதைக் காவல்துறை மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். பதில் வராவிட்டால் வழக்கறிஞர் மூலம் அந்த நீதிமன்றத்தையோ உயர் நீதிமன்றத்தையோ அணுகலாம்.

அனுப்பும்போது நேரும் பிழைகள் வேறு. யுஎஸ்டிடி ஒன்றுக்கு மேற்பட்ட வலையமைப்புகளில் ஓடுகிறது. டிரான் வலையமைப்பு முகவரி ‘T’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும், எத்தீரியம் வலையமைப்பு முகவரி ‘0x’ என்று தொடங்கும். எக்ஸ்சேஞ்சில் வலையமைப்பை மாற்றித் தேர்ந்தெடுத்தால் பணம் சிக்கிக்கொள்ளும். பழைய பரிவர்த்தனைப் பட்டியலிலிருந்து முகவரியை நகலெடுக்காதீர்கள்: முதல் நான்கும் கடைசி நான்கும் எழுத்துகள் ஒத்த போலி முகவரியிலிருந்து சில்லறைத் தொகை அனுப்பி, பட்டியலில் தங்கள் முகவரியைச் செருகி வைப்பது இப்போது நடக்கும் ஏமாற்று. நடு எழுத்துகளையும் சரிபாருங்கள்.

## உப்புக்காற்றில் பன்னிரண்டு சொற்கள்

நீண்ட காலச் சேமிப்பாகச் சிறு பங்கு பிட்காயின் வைத்திருப்பவர்களுக்குக் கடைசி விஷயம் சாவி. எக்ஸ்சேஞ்சில் கிடக்கும் காயின், கமிஷன்காரர் நோட்டில் உள்ள வரி போன்றதே. 2014-இல் டோக்கியோவின் எம்.டி. காக்ஸ் எக்ஸ்சேஞ்ச் விழுந்தபோது சுமார் 8,50,000 காயின்கள் காணாமல் போனதாகச் சொன்னது.

சொந்த வாலட்டில் சாவியின் காப்பு 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்களாக இருக்கும். 2,048 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து வாலட் எடுத்துத் தருபவை அவை. வரிசை மாறக்கூடாது. நினைவில் வைக்க வேண்டியவை:

1. போனில் படம் எடுக்காதீர்கள், வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளாதீர்கள். எந்த நிறுவனமும் அந்தச் சொற்களைக் கேட்காது. கேட்பவர் திருடர்.
2. காகிதம் இந்தக் காற்றில் ஈரம் பிடிக்கும், மை கலையும். சாதாரண இரும்புத் தகடு துருப்பிடிக்கும். கடல் உபயோகத்துக்கான 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகட்டில் குத்தெழுத்தால் பதியுங்கள். பட்டியலில் ஒவ்வொரு சொல்லும் முதல் நான்கு எழுத்துகளிலேயே வேறுபடும்படி அமைக்கப்பட்டிருப்பதால், நான்கு எழுத்து பதித்தால் போதும்.
3. இரண்டு பிரதி வேண்டும், ஒன்றாவது கரையை விட்டுத் தள்ளி இருக்க வேண்டும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை எடுத்த கடல், வீட்டையும் பெட்டகத்தையும் பிரித்துப் பார்க்கவில்லை. ஒன்று பரமக்குடியிலோ மதுரையிலோ நம்பகமான உறவினர் வீட்டில் மூடி முத்திரையிட்டு இருக்கட்டும்.
4. பணம் போடும் முன் வாலட்டை அழித்து, தகட்டில் உள்ள சொற்களைக் கொண்டே மீட்டுப் பாருங்கள். ஒரு சொல் தவறாகப் பதிந்திருப்பது அப்போதுதான் தெரியும்.
5. வங்கியில் வாரிசுதாரர் படிவம் உண்டு. இங்கே கிடையாது. கடலுக்குப் போகிறவர் திரும்பாவிட்டால், தகடு எங்கே இருக்கிறது என்று மனைவிக்கோ மகளுக்கோ தெரியாதவரை அந்தக் காயினை எந்த நீதிமன்றத்தாலும் எடுத்துக் கொடுக்க முடியாது. இடத்தையும், எந்த வாலட் என்பதையும், முதலில் யாரைக் கேட்க வேண்டும் என்பதையும் தமிழில் ஒரு தாளில் எழுதி, நிலப்பத்திரம் இருக்கும் இடத்தில் வையுங்கள். சொற்களை அந்தத் தாளில் எழுதாதீர்கள்.